நாலாம் நம்பர் கட்டிலில் செய்த ஜெபம்

பெர்சி, சாமு, என் மக்களே,

அப்பாவுக்குக் கைகால் விழுந்துபோன அந்த மாதங்களில் உங்களிடம் யாரும் எதையும் முழுதாகச் சொல்லவில்லை. உங்களைப் புளியங்குடியில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, "அப்பாவுக்குக் காய்ச்சல், சீக்கிரம் வந்துருவாங்க" என்று சொல்லி வைத்திருந்தோம். அது காய்ச்சல் இல்லை என்று தனக்கு அப்போதே தெரியும் என்று பெர்சி பிறகு சொன்னாள். தெரிந்தும் தம்பியிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அதற்கே அவளுக்கு நான் ஒரு விளக்கம் கொடுக்க வேண்டும்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். விசைத்தறி பழுது பார்க்கிற கை இது. வாக்கியம் நேராக வராத இடத்தில் நீங்கள் நிமிர்த்திப் படித்துக்கொள்ளுங்கள். இதே நோய் வந்தவர்கள் யாரையாவது பிற்காலத்தில் பார்த்தால் அவர்களுக்கும் இதைக் கொடுங்கள். படுத்துக் கிடக்கிறவர்களுக்கு, எழுந்து நடந்தவன் ஒருவன் எழுதியதைப் படிப்பது ஒரு தெம்பு.

முதலில் போனது என் இடது கால் செருப்பு.

தறிக்கூடத்திலிருந்து டீக்கடைக்கு நடந்து போனேன். வழக்கமாகப் போகிற தூரம்தான். பெஞ்சில் உட்காரும்போது டீக்கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு, "என்ன வே, ஒத்தச் செருப்போட வாரீரு? இன்னொண்ணு லீவா?" என்றார். இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், பாதித் தெருவில் செருப்பு கிடந்தது. கழன்று விழுந்ததைக் கால் எனக்குச் சொல்லவே இல்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. நின்றுவிட்டது என்று மறந்துவிட்டேன். செருப்பு கழன்ற மறுநாள் இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் தறிக்கூடத்துப் படியில் கால் ஏறவில்லை. நாலாம் நாள் காலையில் குளியலறையில் விழுந்தேன். கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தால் கையும் மடங்கியது.

ஊரில் இருக்கிற டாக்டர் என் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எம்பவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். பிறகு சுத்தியலை மேஜையில் வைத்துவிட்டு உங்கள் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இப்பவே திருநெல்வேலிக்குக் கெளம்புங்க. வீட்டுக்குப் போயித் துணி எடுத்துட்டு வாரோம்னுகூட வேண்டாம்."

அந்த மனிதர் அன்றைக்கு அப்படிச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்வேன். மரத்துப்போவது பாதத்தில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறினால் காத்திருக்காதீர்கள். ஜெபத்தைப் போகிற வண்டியில் செய்துகொள்ளலாம்.

திருநெல்வேலியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்தார்கள். நரம்பில் லேசாக மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். சாயங்காலம் நரம்பு டாக்டரம்மா வந்து என் தொழிலைக் கேட்டார். சொன்னேன்.

"அப்ப உங்களுக்குச் சொல்லுறது லேசு. வயருக்கு மேல ரப்பர் உறை இருக்குல்லா? நரம்புக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. வயித்துல வந்த கிருமியை அடிக்கப் போன உங்க உடம்பு, அடையாளம் தெரியாம அந்த உறையவும் சேத்து அடிக்குது. கில்லன் பாரின்னு பேரு."

"வயரு போகலையே, டாக்டர்?"

"வயரு இருக்குன்னு நம்புவோம். உறை திரும்ப வளரும். ஆனா மெதுவா."

"எவ்வளவு மெதுவா?"

"நீங்க எரிச்சல்படுற அளவுக்கு."

"நடப்பேனா?"

"நெறையப் பேரு நடக்காங்க. கொஞ்சப் பேரு நடக்கல. நீங்க எந்தப் பக்கம்னு இன்னைக்கு நான் சொன்னா அது பொய்யாயிரும்."

அன்றிலிருந்து அது ஒன்றுதான் எனக்குக் கேள்வி. எழுந்து நிற்பேனா, மாட்டேனா?

இம்யூனோகுளோபுலின் என்று ஒரு மருந்தை ஐந்து நாள் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். (ரத்தத்தில் நோயை எதிர்க்கும் புரதம் அது. தானம் கொடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து எடுப்பது.) ஒரு பாட்டில் மருந்துக்கு எத்தனை பேர் ரத்தம் என்று நர்ஸிடம் கேட்டேன். "அது ஏகப்பட்ட பேரு, அண்ணாச்சி. யாரு எவருன்னு யாருக்கும் தெரியாது" என்றது அந்தப் பெண். முகம் தெரியாத ஒரு கூட்டம் எனக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர்களில் ஒருவர்கூட, இவன் நல்லவனா என்று கேட்டுக் கொடுக்கவில்லை.

மருந்து வேலை செய்யுமுன் மூச்சு போனது. நெஞ்சுத் தசையும் விழுந்துவிட்டதால் வாய் வழியாகக் குழாய் இறக்கி, சுவாசக் கருவியில் போட்டார்கள். உடம்பில் எனக்கென்று மிஞ்சியது கண் மட்டும். ஆனால் புத்தி முழுக்க இருந்தது. அதுதான் இந்த நோயின் விசேஷம். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், நெற்றியில் உட்கார்ந்த ஈயை விரட்ட முடியாது. உங்கள் அம்மா கேள்வி கேட்பாள். ஆம் என்றால் ஒரு தடவை கண் சிமிட்டுவேன், இல்லை என்றால் இரண்டு தடவை.

ஒரு நாள் பார்வை நேரத்தில் வந்து, "வெள்ளிக்கிழமை ஜெபத்துல எஸ்தர் அக்கா உங்க பேரைக் குடுத்திருக்காங்களாம்" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்து எழுந்து போய்விட்டாள்.

இந்த இடத்தில் அப்பாவின் ஒரு அசிங்கத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முந்தின வருஷம் நம் சபையில் கமிட்டித் தேர்தல் நடந்தது. சட்டசபைத் தேர்தலைக்கூட நம் ஆட்கள் இவ்வளவு மூர்க்கமாக நடத்த மாட்டார்கள். இரண்டு கட்சி, இரண்டு நோட்டீஸ், ஆராதனை முடிந்து வாசலிலேயே வாய்ச்சண்டை. எதிர்க்கட்சியில் எஸ்தர் அக்கா நின்றார்கள். தையல் வேலை செய்கிறவர்கள், கணவர் இல்லாதவர்கள். எல்லோருக்கும் அவர்கள்மேல் மதிப்பு. அவர்கள் ஜெயித்தால் எங்கள் ஆள் தோற்பார்.

கூட்டத்தில் எழுந்து நான் சொன்னேன்: "பெத்த மகன் குடிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுல விழுந்து கெடக்கான். அவனத் திருத்தத் தெரியாதவங்க சபையைத் திருத்தப் போறாங்களாக்கும்?"

சிலர் சிரித்தார்கள். ஜான்சனை, அதுதான் அக்காவின் மகனை, ஊரே பார்த்திருக்கிறது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். தேர்தலில் தோற்றார்கள். அதன்பிறகு என்னைக் கண்டால் தலையசைப்பார்கள், பேச மாட்டார்கள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் அது தேவையாகவும் படவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் பெண்கள் கூடுகிற உபவாச ஜெபம் உங்களுக்குத் தெரியும். பிறருக்காக மன்றாடுவதுதான் அங்கே வேலை. அதில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பேரை நோட்டில் யார் கொடுக்கிறாரோ, அவர் அந்தப் பேருக்காகத் தினமும் காலைச் சாப்பாட்டை விட வேண்டும். பேரைச் சும்மா கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஆக, நான் மூக்குக் குழாயில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தபோது, என்னால் அவமானப்பட்ட ஒரு பெண் எனக்காகப் பட்டினி கிடந்து தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

அது எனக்கு ஆறுதலாக இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பவும் கழுத்து வரவில்லை.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. இதைச் சொல்லும்போது உங்கள் அம்மா இன்னும் சிரிக்கிறாள்.

நான் நாலாம் நம்பர் கட்டிலில் இருந்தேன். அன்று காலை என் தலைக்கு மேலே ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டியதால் என்னைக் கருவியோடு ஐந்தாம் நம்பருக்குத் தள்ளினார்கள். சொட்டுவதைச் சரிசெய்து முடித்ததும் காலியான நாலாம் நம்பரில் புதிதாக ஒருவரைக் கொண்டுவந்து போட்டார்கள். தலையில் அடிபட்டு நினைவு இல்லாமல் கிடந்தவர். முகமெல்லாம் கட்டு, வாயில் என்னைப் போலவே குழாய்.

உங்கள் அம்மா ஊர்ப் பெண்களிடம் முந்தின நாள் போனில் சொல்லியிருந்தது, "நாலாம் நம்பர்."

கட்டில் மாறியது தெரியாமல் உங்கள் அம்மா வெளியே நிற்க, பார்வை நேரத்தில் எஸ்தர் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் வந்தார்கள். பச்சை அங்கி, முகக்கவசம், தலையில் முக்காடு. ஐந்து நிமிஷம்தான் என்று நர்ஸ் சொல்லியிருக்க வேண்டும். கட்டில் நம்பரைப் பார்த்தார்கள், சுற்றி நின்றார்கள், உடனே கண்ணை மூடிவிட்டார்கள். ஜெபிக்கிறவர்கள் செய்கிற தப்பு அது. கண்ணை மூடும் அவசரத்தில் ஆளைப் பார்ப்பதில்லை.

"ஆண்டவரே, உம்முடைய மகன் தங்கராஜைத் தொடும்" என்று எஸ்தர் அக்கா அந்த மனிதருக்கு மேலே கையை நீட்டினார்கள். "அவன் நெஞ்சைத் தொடும். அவன் காலைத் தொடும். அவன் பிள்ளைகளுக்கு அவனத் திருப்பிக் குடும்."

நான் மூன்றடி தள்ளிக் கிடக்கிறேன். இங்கன இருக்கேன் அக்கா, இங்கன, என்று கண்ணைச் சிமிட்டோ சிமிட்டென்று சிமிட்டுகிறேன். பார்க்க வேண்டிய எட்டுக் கண்ணும் மூடியிருந்தது. அக்கா கைப்பையிலிருந்து சின்ன எண்ணெய்க் குப்பியை எடுத்து, கட்டுக்குக் கீழே தெரிந்த கொஞ்சம் நெற்றியில் தடவினார்கள். குனிந்து அழுதார்கள். நர்ஸ் வந்து நேரமாச்சு என்றாள். நால்வரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே நேராக வெளியே போய்விட்டார்கள்.

என் ஜெபம் போய்விட்டது. எனக்கென்று இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த ஜெபம்.

அந்த மனிதர் யார் என்று நர்ஸுகள் பேசிக்கொண்டதிலிருந்து தெரிந்தது. பேர் சுடலைமுத்து. பனவடலிசத்திரத்துப் பக்கம் விவசாயம். குடித்துவிட்டு பைக் ஓட்டிப் பாலத்துக் கட்டையில் மோதியவர். பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. அந்த அம்மாளுக்குக் கை முறிந்துவிட்டது. குடிக்காதீங்க, நான் பஸ்ஸில் போறேன் என்று சொன்னவளை அடித்து வண்டியில் ஏற்றினாராம்.

அன்று சாயங்காலம் சுடலைமுத்து கண் திறந்தார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன்? ஆண்டவரே, விலாசம் பார்க்க மாட்டீரா என்று கேட்டேன். குடிகாரப் பயலுக்கு, பெண்டாட்டியை அடித்தவனுக்கு, என் எண்ணெயா? இவனுக்கு என்ன தகுதி?

கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு, அதே கேள்வி எனக்கும் பொருந்துகிறது என்று தெரிவதற்கு எனக்கு ஒரு நாள் ஆனது. அசையாமல் கிடக்கிறவனுக்கே ஒரு நாள் ஆனது என்றால் ஓடியாடித் திரிகிறவனுக்கு எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்.

மறுநாள் பார்வை நேரத்தில் சுடலைமுத்துவின் மனைவி லட்சுமி வந்தாள். இடது கை மாவுக்கட்டில் தொங்கியது. புருஷனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் விழித்திருப்பதைப் பார்த்து மெதுவாகப் பேசினாள்.

"அண்ணாச்சி, நேத்து நாலு அக்காமாரு வந்து இவர்கிட்ட அழுதாங்களாமே, நர்ஸம்மா சொன்னாங்க. யாருன்னு தெரியல. எங்க ஊருல இருந்து ஒரு ஆளு எட்டிப் பாக்கல. இவரு கூடப்பொறந்தவரே, செத்தா சொல்லி அனுப்புங்கன்னுட்டாரு. நான் கோமதி அம்மனுக்கு வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இவருக்காக அழுறதுக்கு என்னயத் தவிர ஒரு சனம் இருக்குன்னு கேட்டதும்..."

நல்ல கையால் முகத்தைத் துடைத்தாள். "அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஆம் என்றால் ஒரு தடவை. அந்த வழக்கம் அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் சிமிட்டினேன். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவளே தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அன்றைக்குத்தான், மக்களே, அப்பா முதல்முதலாக இன்னொருவனுக்காக ஜெபித்தேன். சபையில் வரிசையாக எல்லாருக்கும் ஆமென் போட்டிருக்கிறேன். அது வேறு. அதுவரைக்கும் என் காலைத் தவிர எதையும் நான் கேட்டதில்லை. ஆண்டவரே, இந்தச் சுடலைமுத்துவை அந்தப் பெண்ணுக்கு நல்ல மனுஷனாகத் திருப்பிக் கொடும் என்று கேட்டேன். பெரிய வார்த்தை எதுவும் வரவில்லை. வாயில் குழாயும் இருந்தது.

கேட்டு முடித்தபோது ஒரு விஷயம் நடந்தது. அதைக் கூட்டிச் சொல்லாமல் நடந்தபடியே சொல்கிறேன். என் கால் அசையவில்லை. விரல் அசையவில்லை. ஆனால் அந்தக் கட்டிலில் கிடந்த நாட்களில் முதல் தடவையாக எனக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் எனக்கு, மத்தியானம் சுடலைமுத்துக்கு, சாயங்காலம் மற்ற கட்டில்களுக்கு என்று பிரித்துக்கொண்டேன். எட்டாம் நம்பரில் எப்போதும் நர்ஸைத் திட்டுகிற ஒரு தாத்தா இருந்தார். அவரையும் விடவில்லை. ஷிப்ட் போட்டு வேலை பார்த்தேன் என்றே சொல்லலாம். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நேரம் போனது. அதற்கு முன்னால் நேரம் போகவே இல்லை.

பதினாறாம் நாள் கருவியை எடுத்தார்கள். முதல் சொந்த மூச்சு எப்படி இருந்தது தெரியுமா? பழைய பம்புசெட்டில் முதலில் காற்று கக்கி, பிறகு குபுக்கென்று தண்ணீர் வருமே, அப்படி. குரல் கரகரத்தது. உங்கள் அம்மாவிடம் நான் சொன்ன முதல் வார்த்தை "காப்பி." கொடுக்க மாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

சுடலைமுத்து எனக்கு முன்னால் வீட்டுக்குப் போனார். மொட்டைத் தலையில் தையலோடு என் கட்டிலுக்கு வந்து, "அண்ணாச்சி, நான் கெளம்புதேன். நீங்க என்ன, நிரந்தரமா இங்கனேயே ரேஷன் கார்டு மாத்திட்டீகளா?" என்றார். குடியை இனித் தொடவே மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அந்த நாலு அக்காமார் எங்கள் சபைக்காரர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, லட்சுமி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

பொது வார்டுக்கு என்னை மாற்றிய பிறகு எஸ்தர் அக்கா மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை தனியாக. என் நெற்றியைப் பார்த்து, "எண்ணெய் பூசிட்டுப் போன அன்னைக்கு உம் மொகம் எப்படிக் கட்டும் வீக்கமுமாக் கெடந்துச்சு தம்பி. இப்ப பாரு, கர்த்தர் எவ்வளவு நல்லவரு" என்றார்கள்.

உங்கள் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அது நான் இல்ல" என்றேன்.

"எது நீ இல்ல?"

"நாலாம் நம்பர்ல கெடந்தது சுடலைமுத்துன்னு வேற ஆளு. நான் அஞ்சுல இருந்தேன். ஒங்களப் பாத்துக்கிட்டேதான் கெடந்தேன்."

அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். "ஏட்டி, நெசமாவா?" என்று உங்கள் அம்மாவைக் கேட்டார்கள். "அப்ப நான் அழுதது? மூக்கச் சிந்தி அழுதேனே, அது?"

"அதுவும் அவருக்குத்தான்."

"நல்லவேளை, நெத்தியோட விட்டேன். காலுக்கும் பூசணும்னு கூட வந்த ரோஸம்மா சொன்னா. போர்வையத் தூக்கியிருந்தா அந்த மனுசன் என்ன நெனச்சிருப்பாரு!"

சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு வாங்கியது. இருமினேன். நர்ஸ் வந்து, "இது ஆஸ்பத்திரி" என்று எங்கள் மூன்று பேரையும் திட்டிவிட்டுப் போனாள். சிரித்து அடங்கிய பிறகு, அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "சரி, பேரு ஒன்னுது, எண்ணெய் அவருது. பாதி பாதியா எடுத்துக்கிடுங்க" என்றார்கள்.

அந்த நேரத்தை விட்டால் எனக்குத் தைரியம் வராது. "அக்கா, கமிட்டிக் கூட்டத்துல ஜான்சனைப் பத்தி நான் சொன்னது..." என்று தொடங்கினேன்.

அவர்கள் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"தப்புக்கா. மன்னிச்சிருங்க. எனக்காகப் பட்டினி கெடக்க நான் தகுதியான ஆளே இல்ல."

"தகுதி பாத்து எழுதுனா, நோட்டு வெறும் நோட்டாத்தான் இருக்கும், தம்பி. எம் பேரையும் சேத்துத்தான் சொல்லுதேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார்கள். "உண்மையச் சொல்லட்டா? மொத வாரம் ஒம் பேரச் சொல்லும்போது பல்லக் கடிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். கசாயம் குடிக்கிற மாதிரி. ஒனக்காக இல்ல, அந்த ரெண்டு பிள்ளைகளுக்காகன்னு சொல்லிச் சொல்லித்தான் முழுங்குனேன். ரெண்டாவது வாரமும் அப்படித்தான். அப்புறம் எப்பன்னு தெரியல, கசப்பு நின்னுபோச்சு. ஒனக்கு மருந்து வேல செஞ்சுச்சா, ஜெபம் வேல செஞ்சுச்சா, டாக்டருகிட்ட கேளு. எனக்கு எது வேல செஞ்சுதுன்னு எனக்குத் தெரியும்."

"ஜான்சன் எப்படி இருக்கான்?"

"அப்படியேதான் இருக்கான். பதினோரு வருசமா நோட்டுல மொதப் பேரு அவன் பேருதான்." கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். "நான் இன்னும் எழுதுதேன்."

மற்றவர்களுக்காக ஜெபித்தால் கேட்டது கிடைக்கும் என்று நான் உங்களுக்கு எழுதவில்லை. அக்காவுக்குப் பதினோரு வருஷமாகக் கிடைக்கவில்லை. எனக்கு மருந்து கிடைத்தது, நல்ல டாக்டர் கிடைத்தார், இரவும் பகலும் உங்கள் அம்மா கிடைத்தாள். அத்தனையும் கர்த்தர் கை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் தகாதவனுக்காக ஒருவர் பசியோடு இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்தத் தகாதவன் பழைய மாதிரி படுத்துக்கிடக்க முடியாது. அது மட்டும் எனக்கு நிச்சயம்.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கட்டைவிரல் முதலில் வந்தது. பிறகு முழங்கை. ஸ்பூனைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் பாதிக் கஞ்சி சட்டைக்குப் போகும். சாமு பேனா மூடியால் என் உள்ளங்காலைக் கீறி, "இப்பத் தெரியுதாப்பா?" என்று தினமும் பரிசோதனை செய்தான். தெரிகிறது என்று நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்க, கீறாமலே "இப்ப?" என்று கேட்பான். பெர்சி நடைச்சட்டத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கூடத்திலிருந்து வாசல் வரைக்கும் ஏமாற்றிக் கூட்டிப்போவாள். வாசலைத் தொட்ட அன்று தெருவில் போன மீன்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அதற்கு நாலு மாதம் ஆனது. கைத்தடி ஒன்றோடு சபைக்கு நடக்க ஏழு மாதம். இப்போதும் பாதம் முழுசாக என்னுடையது இல்லை. தரை சூடா, குளிரா என்று கால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறது. சட்டைப் பொத்தான் போடும்போது ஒவ்வொரு பொத்தானும் ஒரு தனி வேலை. முன்னெல்லாம் நேரத்தை நான் முழுசு முழுசாக விழுங்கினேன். இப்போது சிறு துண்டாகத்தான் கடிக்க முடிகிறது. ருசி அதிகமாகத் தெரிகிறது.

போன மாதம் லட்சுமி போன் செய்தாள். சுடலைமுத்து மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டாராம். பத்து மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, ஒரு கல்யாண வீட்டில் விழுந்திருக்கிறார். "அந்த அக்காமாருகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எஸ்தர் அக்காவிடம் போய்க் கொதித்தேன். "இவனுக்காகவா நாம இவ்வளவு செஞ்சோம்? அவ்வளவும் வீணுக்கா. இனி இவன் பேரச் சொல்ல எனக்கு வாய் வராது."

அக்கா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே கேட்டார்கள்: "ஒனக்குக் கால் வர எத்தன மாசம் ஆச்சு?"

"ஏழு."

"அதுக்குள்ள எத்தன தடவ விழுந்த?"

"அதெல்லாம் எண்ணலக்கா."

"ஆங்" என்றார்கள். மெஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் கோபம் குறையாமல்தான் வெளியே வந்தேன்.

கடைசியாக ஒன்று. இதை உங்கள் அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் பராமரிப்புக்காக ஊர் முழுக்கக் கரண்டை நிறுத்திய அன்று, நான் தறிக்கூடத்துக்குப் போனேன். கரண்டு இல்லாத நாளில்தான் பழுது பார்க்க வசதி. ஆட்கள் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வரிசையாகத் தறிகள் சத்தம் இல்லாமல் நின்றன. மூன்றாவது தறியின் அடியில் ஒரு நட்டு லூசாக இருந்தது. நின்றபடி கை எட்டாது. தனியாகத் தரையில் இறங்கக் கூடாது என்று எனக்கு நடைப்பயிற்சி கொடுக்கிற பையன் எச்சரித்திருந்தான். இறங்கினால் எழுந்திருப்பது கஷ்டம்.

தறியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினேன். ஒரு முழங்கால், பிறகு இன்னொன்று. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் முழங்கால் போட்டு. தரையில் பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி கிடந்தது. முழங்காலுக்கு அது தெரிந்தது. நட்டு கைக்கு எதிரிலேயே இருந்தது.

இறங்கியதே இறங்கினோம் என்று தோன்றியது. ஸ்பேனரைக் கீழே வைத்தேன். காலையில் நான் சாப்பிட்டிருக்கவில்லை. வேலைக்கு நேரமாச்சு என்று உங்கள் அம்மாவிடம் சொன்னது பொய்.

பல்லைக் கடித்துக்கொண்டுதான், "சுடலைமுத்து" என்றேன். வேறு வார்த்தை ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னேன்.

பிறகு நட்டை முறுக்கினேன். எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. யாரையும் கூப்பிடவும் தோன்றவில்லை, சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே சந்தோஷமாக இருந்தேன். நாலாவது தடவையில் எழுந்து நின்றேன்.